வாட்டர்ஃபோர்டில் கண்ணாடியும் ஆட்டுக்குட்டியும்

ஜூலை 2, புதன்

மாமாவும் அத்தையும், அதாவது என் கணவரின் அப்பா அம்மா, திருச்சியிலிருந்து கோடைக்கு அயர்லாந்து வந்திருக்கிறார்கள். டப்ளினில் பூங்கா, கடற்கரை, பெரிய கடைகள் எல்லாம் பார்த்தாயிற்று. "வெளியூர் எங்கேயாவது போகலாம்மா, ஆனா மலை ஏறச் சொல்லக் கூடாது" என்றார் அத்தை. நான்கு வயது மகளுக்கு ஆட்டுக்குட்டி வேண்டும். மாமா ஒன்றும் கேட்கவில்லை. அவர் எப்போதுமே எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை.

வாட்டர்ஃபோர்டு கிரிஸ்டல் என்ற கண்ணாடிப் பட்டறையும் ஒரு பண்ணைப் பூங்காவும் என்று முடிவானது. டப்ளினில் இருப்பவர்கள் பலர் இதை ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். விடிந்ததும் கிளம்பி இரண்டு மணி நேரம் கார், காலையில் கண்ணாடி, மதியம் ஆடு, ராத்திரி வீடு. இவரும் அதைத்தான் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. மூட்டுவலி உள்ள ஒருவரும் மதியம் தூங்கியே ஆகவேண்டிய ஒரு குழந்தையும் வண்டியில் இருக்கும்போது, அவர்கள் இருவரின் உடம்புதான் திட்டத்தைப் போடவேண்டும். கண்ணாடிக்கு ஒரு நாள், ஆட்டுக்கு ஒரு நாள். இதில் நான் இறங்கிவரவே இல்லை.

இந்த நாட்டில் 150 செ.மீ. உயரமோ 36 கிலோ எடையோ தாண்டாத குழந்தைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். எங்கள் வண்டியில் அதை நடுவில் மாட்டினால் இரண்டு பக்கமும் ஆள் உட்கார ஒடுக்கமான இடம்தான் மிஞ்சும். மாமாவும் அத்தையும் ஆளுக்கொரு கதவை ஒட்டி ஒடுங்கியபடி வந்தார்கள். எம்9 நெடுஞ்சாலை வளைவு நெளிவு இல்லாத சாலை. கார்லோ தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை, கல் வேலி, மாடு, மறுபடி பச்சை. "ஒருத்தர் கூட வயல்ல நிக்கலியே" என்று அத்தை மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

வாட்டர்ஃபோர்டில் இறங்கும்போது மழை. தங்குவதற்கு எடுத்திருந்த வீட்டில் சாவி ஒரு பூட்டுப் பெட்டிக்குள் இருக்கும் என்று எண் அனுப்பியிருந்தார்கள். எண்ணை எப்படித் திருப்பிப் போட்டாலும் பெட்டி திறக்கவில்லை. அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. இரண்டு பெட்டி, ஒரு குழந்தை, தலையில் துண்டு போட்டுக்கொண்ட அத்தை, எல்லாரும் ஒரு அடி அகலக் கூரை விளிம்புக்குக் கீழே நின்றோம்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எழுபது வயது தாண்டிய ஒருவர் செருப்போடு வந்து, விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள்ளேயே மகளின் பையைக் கையில் எடுத்துக்கொண்டு "உள்ளே வாங்க, உள்ளே வாங்க" என்று நடந்துவிட்டார். நாங்கள் யார், எந்த ஊர் என்ற கேள்வியெல்லாம் டீ போட்டுக் கொடுத்த பிறகுதான் வந்தது. பால் நிறைய ஊற்றிய கெட்டி டீ. அயர்லாந்துக்காரர்களின் டீயும் நம்முடைய டீயும் பக்கத்து வீடுகள்தான். மாமா இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து "டீ நல்லா இருக்கு" என்று முதல்முறையாக இங்கேதான் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் அழைத்து வேறு எண் கொடுத்தார், பெட்டி திறந்தது. கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் மகளிடம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் கொடுத்தனுப்பினார்.

ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. ஜூலையில் இங்கே சூரியன் இறங்க ஏறக்குறைய பத்து மணி ஆகும். "இருட்டவே இல்லை, நான் ஏன் தூங்கணும்?" என்கிற கேள்விக்கு நான்கு பெரியவர்களிடமும் பதில் இல்லை. ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம்.

ஜூலை 3, வியாழன்

காலைச் சாப்பாடு பிளா. வாட்டர்ஃபோர்டுக்கே உரிய வெள்ளை பன், மேலே மாவு தூவியிருக்கும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சிலிருந்து வந்த ஹியூகநாட் என்ற புராட்டஸ்டண்ட் அகதிகளோடு வந்தது என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. நம்மூரில் மணப்பாறை முறுக்குக்கும் அதே மாதிரி குறியீடு உண்டு என்று அத்தையிடம் சொன்னேன். பிறந்த ஊர்ப் பெயர் வந்ததும் பிளாவின் மேல் அவருக்கு மரியாதை கூடிவிட்டது. பன்றி இறைச்சி வைத்துத்தான் பெரும்பாலும் தின்கிறார்கள். எங்களுக்கு வெண்ணெயும் சீஸும் வைத்துத் தரச் சொன்னோம், கடைக்காரப் பெண் முகம் சுளிக்காமல் கத்தியை மாற்றி அறுத்துக் கொடுத்தார். மென்மையான பிளா, மொறுமொறு பிளா என்று இரண்டு வகை. பெரியவர்களுக்கு மென்மைதான் சரி. ஐந்து பேருக்கு டீயும் பிளாவும் 31 யூரோ. அத்தை எதையும் நூறால் பெருக்கிவிடுவார். "மூவாயிரத்து நூறு ரூபாய்க்கு பன்னும் டீயுமா!" என்றவர், அப்புறம் அதற்காகவே தட்டில் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார்.

பட்டறை இருப்பது த மால் என்கிற தெருவில், ஊருக்கு நட்ட நடுவில். வாரநாளில் வருவது முக்கியம். கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பார்க்கத்தானே போகிறோம். நாங்கள் காலைச் சுற்றில் சேர்ந்தோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடையும் நிற்றலும். மாமாவுக்கு உட்கார ஒரு மடக்கு நாற்காலி தரமுடியுமா என்று கேட்டேன். வழிகாட்டிப் பெண் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து, அடுத்தடுத்த கூடத்துக்கு அவரே தூக்கிக்கொண்டும் வந்தார்.

இந்தக் கண்ணாடியின் கதை 1783இல் ஜார்ஜ் பென்ரோஸ், வில்லியம் பென்ரோஸ் என்ற இருவரிடம் ஆரம்பிக்கிறது. 1851இல் அந்த ஆலை மூடப்பட்டது. அப்புறம் கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஒன்றுமில்லை. 1947இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த சார்லஸ் பாச்சிக் மறுபடி தொடங்கினார். அவர் கூட்டிவந்த மிரோஸ்லாவ் ஹாவல்தான் வடிவமைப்பாளர். இன்றைக்கும் கடைகளில் அதிகம் கேட்கப்படும் லிஸ்மோர் என்ற கோலம் 1952இல் அவர் போட்டது. 2009 ஜனவரியில் ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆலையும் மூடப்பட்டது. தொழிலாளர்கள் வெளியேற மறுத்து வாரக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்தார்கள். 2010இல்தான் இந்தச் சின்னப் பட்டறை இங்கே திறந்தது. இதையெல்லாம் வழிகாட்டி சொல்லிக்கொண்டே போனபோது, மாமா ஒரு தொழில் மூடியதைக் கேட்கிற முகத்தோடு நின்றார். அந்த முகத்தின் காரணம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் மர அச்சு செய்கிற அறை. அச்சு எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உருகிய கண்ணாடி பட்டதும் எரிந்துவிடும். ஈரமாக இருந்தாலும் உள்பக்கம் கருகிக் கருகிச் சில நாட்களிலேயே அளவு மாறிவிடுமாம், வேறு செய்யவேண்டும். அடுத்து உலை. சுமார் 1,400 டிகிரி. நாங்கள் நின்ற இடத்திலேயே முகம் சுட்டது. நீளமான இரும்புக் குழாயின் நுனியில் ஒருவர் உருகிய கண்ணாடியைச் சுற்றி எடுத்தார். அதிரசத்துக்கு வெல்லப்பாகு பதம் பார்க்கும்போது கரண்டியிலிருந்து இறங்குமே, அப்படிக் கனமாகத் தொங்கியது. குழாயை ஒரு நொடி கூட நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே ஊதினார். நிறுத்தினால் ஒரு பக்கம் சரிந்துவிடும். மகள் தானும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். ஊதுபவர் அதைக் கவனித்து, அடுத்த ஊதலுக்கு அவளைப் பார்த்தே கன்னத்தை உப்பினார்.

சோதனை மேசையில் சின்னக் குமிழி, கீறல் எது இருந்தாலும் அந்தப் பாத்திரம் தேறாது. குறையுள்ளது என்று குறைந்த விலைக்கு விற்பதும் இல்லை. உடைத்து மறுபடி உலைக்கே போடுகிறார்கள். ஒரு பூச்சாடியை எங்கள் கண் முன்னாலேயே தொட்டிக்குள் போட்டு உடைத்தார்கள். அத்தை "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மகள் "இன்னொன்னு" என்றாள்.

அடுத்தது பட்டை வெட்டும் கூடம். வெட்டப்போகும் கிண்ணத்தின் மேல் கோடு கோடாகக் கட்டம் போட்டிருக்கும், அவ்வளவுதான். எங்கே வெட்டு, எவ்வளவு ஆழம், எந்தக் கோணம் என்பதெல்லாம் வெட்டுகிறவரின் நினைவில். வைரத்தூள் பதித்த சக்கரம் சுற்றுகிறது, அதன்மேல் தண்ணீர் வழிகிறது. அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலிருந்து சக்கரத்தில் அழுத்துகிறார். வெட்டு விழுவது கிண்ணத்தின் வெளிப்பக்கம், அடியில். அவர் பார்ப்பது உள்பக்கத்தின் வழியாக. கண்ணாடிக்குள் பார்த்தபடியே எவ்வளவு ஆழம் போயிற்று என்று தெரிந்துகொள்கிறார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து வேலியோரம் போய்விட்டார். கூட்டம் அடுத்த கூடத்துக்கு நகர்ந்தது, அவர் நகரவில்லை. சக்கரத்தை நிறுத்திய வெட்டுக்காரர், ஐம்பது வயதுக்காரர், என்ன வேண்டும் என்பதுபோல் பார்த்தார். மாமா தன் ஆங்கிலத்தில், "நானும் இந்த வேலை செய்தேன். கண்ணாடி இல்லை, கல்" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. மாமா என்றால் பெல் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அவ்வளவுதான் தெரியும். பெல்லில் சேர்வதற்கு முன் உறையூரில் ஒரு பட்டறையில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டியிருக்கிறார். திருச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில் அது. குச்சி நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, சக்கரத்தில் வைத்துத் தீட்டுவார்கள். மாமா விரல்களைக் குவித்து இல்லாத குச்சியைப் பிடித்துக் காட்டினார். ஒரு மிளகளவு கல்லில் 57 பட்டை என்று விரலால் எண்ணிக் காட்டினார். வெட்டுக்காரருக்குக் கண் விரிந்தது. "உங்களுக்கு வெட்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கல்லின் முகம் சக்கரத்தின் மேல் கவிழ்ந்திருக்கும், பார்க்க முடியாது. கை சொல்லும்போது எடுத்துப் பார்ப்போம், மறுபடி வைப்போம் என்றார் மாமா. அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. பாதி பேச்சு கையிலேயே நடந்தது.

வெட்டுக்காரர் ஒரு உடைந்த துண்டை எடுத்து, ஆழ வெட்டு ஒன்றும் மேலோட்டமான வெட்டு ஒன்றும் போட்டு, மாமாவின் கட்டைவிரலை அதன்மேல் வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். மாமா கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பிறகு தமிழிலேயே "சுத்தம்" என்றார். அவர் வேலைக்குத் திரும்பவேண்டும், நாங்களும் கூட்டத்தைப் பிடிக்கவேண்டும். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

கடைசியில் விற்பனைக் கூடம். ஈயம் சேர்வதால்தான் இந்தக் கண்ணாடிக்கு அந்த ஒளி, தட்டினால் அந்த மணிச் சத்தம், சக்கரத்துக்கு இளகிக் கொடுக்கிற மென்மை. ஐரோப்பாவில் ஈயக் கிரிஸ்டல் என்று பெயர் போட்டு விற்க, 24 சதவீதமாவது ஈய ஆக்சைடு இருக்கவேண்டும் என்று 1969இலேயே விதி வந்துவிட்டது. அத்தை ஒரு மூடி போட்ட கிண்ணத்தைப் பார்த்து, எலுமிச்சை ஊறுகாய்க்கு நன்றாக இருக்கும் என்றார். அது மட்டும் கூடவே கூடாது. புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து வெளியே வரும். குடிக்கும் நேரத்துக்கு ஊற்றிக் குடிக்கலாம், நாட்கணக்கில் எதையும் ஊற வைக்கக் கூடாது. வீட்டில் பழைய ஈயக் கிரிஸ்டல் வைத்திருக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஜோடி குவளையே நூறு யூரோவைத் தாண்டும் இடம், வாங்குவதென்றால் யோசித்துத்தான். சாமி அலமாரியில் வைக்க ஒரு சின்ன மெழுகுவத்திக் கிண்ணம் அத்தை எடுத்துக்கொண்டார், இவர் பணம் கட்டினார். மாமா விலை அட்டையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கிண்ணத்தையும் விளக்குக்கு நேரே பிடித்து, பட்டைகள் கூடும் முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் மகளும் மாமாவும் தூங்கினார்கள். சாயங்காலம் ரெஜினால்ட் கோபுரம், அதன் வெளியே நிற்கும் வைக்கிங் படகு, ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த 23 மீட்டர் நீள வாள். அந்த வாளை மகள் முழுக்கத் தொட்டுக்கொண்டே நடந்தாள். காலை முழுக்க எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்த குழந்தைக்கு அது தேவைப்பட்டது.

ஜூலை 4, வெள்ளி

பண்ணை, பக்கத்து மாவட்டமான கில்கென்னியில், பென்னெட்ஸ்பிரிட்ஜ் பக்கம். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். தூறல் விடவில்லை. அயர்லாந்தின் தென்கிழக்கை வெயில் மூலை என்று இந்த நாட்டில் சொல்வார்கள், நமக்கு அது வாய்க்கவில்லை. எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ். அத்தை மட்டும் புடவையோடு பூட்ஸ் போட்டுக்கொண்டார், "எங்க ஊர்ல சேத்துல இறங்காத நாளா" என்றார்.

பண்ணை வாசலிலேயே தீவனப் பை விற்கிறார்கள், ஒன்று 2 யூரோ. ஒரு கைப்பிடித் தவிட்டு உருண்டைதான் இருக்கும். நான் இரண்டு பை வாங்கினேன். முதல் பையைப் பிரித்த கணத்தில் ஒரு ஆடு காகிதத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டது. மகள் அழவில்லை, ஆட்டைத் திட்டினாள். தமிழில்.

புட்டிப்பால் கொடுக்கும் நேரம் பதினொன்றரை. ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே செம்மறி ஈனுவது பெரும்பாலும் வசந்தத்தில். பஞ்சு மாதிரி சின்னக் குட்டி வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரலில் வரவேண்டும். ஜூலையில் அவை பால் மறந்து புல் மேய ஆரம்பித்துவிடும். எங்களுக்கு வாய்த்தவை வெள்ளாட்டுக் குட்டிகள். புட்டியை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள் பண்ணையில் வேலை செய்யும் பெண், பதினேழு பதினெட்டு வயது இருக்கும். குட்டி இழுத்த இழுப்பில் மகள் இரண்டு அடி முன்னால் போய்விட்டாள். பால் தீர்ந்தும் குட்டி விடாமல் புட்டியைத் தலையால் முட்டியது.

"தாய் இருக்கும்போது புட்டி எதுக்கு?" என்று அத்தை கேட்டார். நான் கேட்டுச் சொல்வதற்குள் அவரே பதிலும் சொல்லிவிட்டார்: "மூணு போட்டிருக்கும். காம்பு ரெண்டுதானே." அந்தப் பெண் சொன்னதும் அதேதான். செம்மறி மூன்று ஈன்றால் ஒன்றை எடுத்துப் புட்டியில் வளர்ப்பார்கள், அல்லது குட்டி இறந்த வேறொரு தாயிடம் சேர்ப்பார்கள். சேர்க்கும்போது தாய் மோப்பம் பிடித்து உதைத்துத் தள்ளுமாம். அத்தை அதற்கும் தலையாட்டினார். மணப்பாறையில் அவர் அப்பா வீட்டில் மாடும் ஆடும் இருந்தன.

கறுப்பு வெள்ளை மாடுகள் நிற்கும் கொட்டகையில் அத்தை வெகுநேரம் நின்றார். மாட்டின் மடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டுச் சொன்னேன்: கோடையில் ஒரு மாடு ஒரு நாளைக்கு 25 லிட்டர் அளவு கறக்கும், பெரும்பாலும் புல்தான் தீனி. அத்தைக்கு அது கொஞ்ச நேரம் நம்பமுடியாமல் இருந்தது. அப்புறம் "அதுக்கு அந்த மடியைத் தூக்கிக்கிட்டு நடக்கவே பாவம்" என்றார். இரண்டும் உண்மைதான் என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் பின்னால் ஒரு வெள்ளாடு அத்தையின் முந்தானையை மெல்ல ஆரம்பித்திருந்தது. நான் இழுக்கப் போனேன். "இழுக்காதே, கிழியும்" என்றவர், ஆட்டின் தாடை ஓரத்தில், பல் இல்லாத இடத்தில் கட்டைவிரலைக் கொடுத்தார். ஆடு வாயைத் திறந்தது. புடவையை எடுத்துப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். பண்ணைப் பெண் கைதட்டினாள்.

சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் ஒரு சொட்டு ஜெல் தடவிக்கொண்டு சாண்ட்விச்சை எடுப்பதைப் பார்த்தேன். ஆடு மாட்டின் சாணத்தில் ஈ. கோலை வகைக் கிருமிகளும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணியும் இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு அந்த ஈ. கோலை சிறுநீரகம் வரை போய்விடக்கூடியது. ஜெல்லுக்கு கிரிப்டோஸ்போரிடியம் அசையவே அசையாது. சோப்பு, ஓடுகிற தண்ணீர், விரலிடுக்கு, நகம், அப்புறம் துடைப்பது. வெளியே வரும்போது பூட்ஸையும் கழுவவேண்டும், அதைக் கழற்றிய பிறகு மறுபடி கை. குழந்தை விரல் சூப்பினால் ஆட்டுக்கொட்டகைக்குள் இன்னும் கவனம். வீட்டில் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால், ஈனும் காலத்தில் செம்மறிகளின் பக்கமே போகக் கூடாது. அவற்றிடமிருந்து கருவைப் பாதிக்கும் தொற்று வர வழியுண்டு. பண்ணையை ரசிக்க இதெல்லாம் தடை இல்லை. ஐந்து நிமிட வேலை.

எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். கூரை போட்ட மர மேசைகள் இருந்தன. பக்கத்து மேசையில் மூன்று குழந்தைகளோடு ஒரு அம்மா, மழையில் நனைந்த சிப்ஸ். அத்தை ஒரு தட்டில் எலுமிச்சை சாதத்தை அள்ளி நீட்டிவிட்டார். "காரமா?" என்று கேட்டுக்கொண்டே மூத்த பையன் தின்று தீர்த்தான். பதிலுக்கு அந்த அம்மா கேக்கை வெட்டிக் கொடுத்தார்.

சாப்பிட்டதும் மகள் வைக்கோல் கட்டுகளின் மேல் ஏறி இறங்கி, மிதி டிராக்டர் ஓட்டி, அரை மணியில் களைத்துவிட்டாள். காரில் படுக்கவைத்தோம். மாமா தானாகவே உள்ளே உட்கார்ந்து காவல் இருந்தார். இன்றைக்கு அவருக்குச் சும்மா இருக்கும் நாள், அதற்கும் சேர்த்துத்தான் இரண்டு நாளாகப் பிரித்தது.

திரும்பும் வழியில் ஜெர்பாய்ண்ட் கிளாஸ் கடையில் கொஞ்ச நேரம். 1979 முதல் ஒரே குடும்பம் நடத்தும் கண்ணாடிப் பட்டறை. இங்கே வெட்டு இல்லை, வெறும் ஊதல். தடித்த குவளைகள், உள்ளே சுழலும் நிறம். மாமா ஒன்றைக் கையில் வைத்துக் கனம் பார்த்தார். "இதுல பட்டை தீட்ட எதுவுமே இல்ல" என்று வைத்துவிட்டு, மறுபடி எடுத்தார்.

ஜூலை 5, சனி

கடைசி நாள் வெயில் வந்தது. டப்ளின் கிளம்பும் முன் த மாலிலேயே இருக்கும் பிஷப் மாளிகை. 1743இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். பென்ரோஸ் ஆலையில் 1789இல் செய்த ஒரு டிகேன்டர், மது ஊற்றி வைக்கும் குடுவை, இங்கே இருக்கிறது. மாமா கண்ணாடிப் பெட்டியின் நான்கு பக்கமும் போய்ப் பார்த்தார். பட்டைகள் இப்போதைய வெட்டுகளைப் போல ஆழமாக இல்லை, அகலமும் மென்மையுமாக இருக்கின்றன. "அன்னிக்குச் சக்கரம் வேற, கை ஒண்ணுதான்" என்றார். அதே தெருவில் 33ஆம் எண் கட்டடத்தில்தான் 1848 மார்ச் 7 அன்று விடுதலைப் போராளி தாமஸ் பிரான்சிஸ் மேகர் அயர்லாந்தின் மூவர்ணக் கொடியை முதல்முறையாக ஏற்றினார். மகள் அது நம்ம கொடி என்று சொல்லிவிட்டாள், சக்கரம் எங்கே என்று தேடினாள்.

எம்9இல் ஒரு சேவை நிலையத்தில் டீ. 3 யூரோ 40, காகிதக் கோப்பை, பை உள்ளேயே மிதந்தது. இவர் அங்கேதான் மாமாவிடம் கேட்டார், ஏன் இத்தனை நாள் பட்டறையைப் பற்றிச் சொல்லவில்லை என்று. மாமா கோபப்படவில்லை. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, ஒரு கல் சிதறினால் அன்றைய கூலியில் பிடித்துக்கொள்வார்கள், தூசியில் இருமல், அதிலிருந்து பெல்லுக்குப் போனதே பெரிய விஷயம், பிள்ளைகளிடம் சொல்ல அதில் என்ன இருக்கிறது என்றார். பிறகு வெளியிலிருந்து இயந்திரத்தில் வெட்டிய மலிவுக் கற்கள் வந்து, பல பட்டறைகள் மூடின. அவருடைய முதலாளியும் மூடிவிட்டார். கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் மட்டும் இப்போதும் வீட்டுத் திண்ணையில் ஒரு சக்கரம் வைத்திருக்கிறார்.

"அவர் வேலை செய்யறதைப் பார்க்கலாமாப்பா?" என்று இவர் கேட்டார். பார்க்கலாமே, போன் பண்ணிச் சொல்லிட்டுப் போகணும், மத்தியானம் தூங்குவாரு என்றார் மாமா. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு உறையூர் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அத்தை இப்போதே அவருக்கு என்ன வாங்கிப் போவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.